அடுப்பில்லாத முகாம்

மாணிக்கவாசகம் வேதியியல் பேராசிரியர். எதிலும் ஒரு ஒழுங்கு உள்ளவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் குடிக்கிற தண்ணீரைத் தன் பையில் கொண்டுபோவார். யாரிடமும் எதையும் கேட்டு நிற்கக் கூடாது என்பது அவர் அப்பா வளர்த்த வளர்ப்பு.

அப்படிப்பட்டவரிடம் கல்லூரி முதல்வர் மாணவர் சேவை முகாமை ஒப்படைத்தார்.

"எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது சார்," என்றார் மாணிக்கவாசகம்.

"தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்கோங்க," என்றார் முதல்வர்.

தெரிந்தவர் என்றால் அந்த வட்டாரத்தில் ஜெசிந்தா டீச்சர்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விடுமுறை வந்தால் இளம்பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் குளம் வெட்டுவார், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார். அவரோடு ஒருமுறை போன பிள்ளைகள் அடுத்த முறை சொல்லாமலே வந்து நிற்பார்கள். வயதில் மாணிக்கவாசகத்தைவிடச் சின்னவர். அதையெல்லாம் பார்க்காமல் இவர் நேரே போய்க் கேட்டார்.

"என்னை உங்க சீடனா சேர்த்துக்கோங்க டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சேர்த்துக்கிறேன் சார். ஆனா எதுவும் சொல்லித் தர மாட்டேன். பரவாயில்லையா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று மாணிக்கவாசகம் நினைத்துக்கொண்டார்.

முகாமுக்கு மணியனேந்தல் என்ற ஊர் அமைந்தது. வானம் பார்த்த பூமி. குடிக்கக் குளிக்க எல்லாவற்றுக்கும் ஒரே ஊரணி. மழைத்தண்ணீர் ஊரணிக்கு வந்து சேருகிற கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. போன வருஷம் பெய்த மழையெல்லாம் வழி தெரியாமல் காட்டுப் பக்கம் ஓடிவிட்டது. அடுத்த மழைக்குள் கால்வாயைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கி ஓட வேண்டியதுதான்.

மாணிக்கவாசகம் தன் பாணியில் ஏற்பாடு செய்தார். ஒரு வேன். அதில் அடுப்பு, சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பாய், தலைவலி மாத்திரை. சமைக்கச் சங்கிலி என்ற சமையல்காரர். உப்பு, கடுகு வரை எதற்கும் குறைவில்லை. பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

வேலை தொடங்கியது. கால்வாய்க்கு எதிரே பூவரச மரத்தடியில் ஊர்ச்சனமும் வந்து உட்கார்ந்தது. முள் வெட்டுவதைப் பார்த்தது. வெற்றிலை போட்டது. வெயில் ஏறியதும் எழுந்து வீட்டுக்குப் போனது. மறுநாளும் அதே கதை.

நூர்ஜஹான் என்ற மாணவிக்குப் பொறுக்கவில்லை. "சார், இது யாரு ஊர்க் கால்வாய்?"

"அவங்க ஊருதும்மா."

"அப்ப நாம ஏன் வெட்டுறோம், அவங்க ஏன் பாக்குறாங்க?"

இளம்பரிதி என்ற மாணவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "சார், சர்டிபிகேட்டுக்கு எத்தனை மணி நேரம் வேணும்? மீதியைப் படுத்தே கழிச்சிடலாமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை.

அன்று சாயந்தரமே டீச்சருக்குப் போன் போட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் டீச்சர் வந்து இறங்கினார்.

"டீச்சர், ஊர்க்காரங்க கை கொடுக்க மாட்டேங்கிறாங்க. அதைப் பார்த்துப் பிள்ளைங்களுக்கும் மனசு விட்டுப் போச்சு. இவங்களுக்குச் சேவை மனசு வரணும்னா நான் என்ன பண்ணணும்?"

டீச்சர் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வரிசையாக விரித்த பாய்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"அருமையான ஏற்பாடு," என்றார்.

மாணிக்கவாசகத்துக்கு முகம் மலர்ந்தது. "ஊர்க்காரங்களுக்கு நம்மால ஒரு துரும்பு தொந்தரவு இல்லை டீச்சர்."

டீச்சர் சமையல்காரரிடம் போனார். "அண்ணே, வீட்டுக்குப் போய் எத்தனை நாளாச்சு? அடுப்பு, அரிசி எல்லாத்தையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போய்ட்டு நாளை மறுநாள் வாங்க."

சங்கிலி, மாணிக்கவாசகத்தின் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், மத்தியானம் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

"ஊர்ல இத்தனை வீடு இருக்கே சார்."

"பிச்சை எடுக்கச் சொல்றீங்களா?"

"சாப்பாடு கேக்கச் சொல்றேன்."

"அவங்களே கஷ்டப்பட்ட சனம் டீச்சர்."

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமா? பார்த்தாலே தெரியுதே."

"எங்க இருந்து பார்த்தீங்க?"

மாணிக்கவாசகம் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் கால்வாயைத் தவிர வேறெங்கும் அவர் போனதில்லை.

வேன் கிளம்பியது. பூவரச மரத்தடியில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பி அது போகிற வரைக்கும் பார்த்தார்கள்.

உச்சிப்பொழுதில் பசி வந்தது. யாரும் எந்த வாசலுக்கும் போகவில்லை. நூர்ஜஹான் இளம்பரிதியைத் தள்ளினாள். அவன் அவளைத் தள்ளினான்.

"முதல் வீட்டுக்கு நீங்க போங்க சார்," என்றார் டீச்சர்.

"நானா?"

"சீடன்னு சொன்னீங்களே."

மாணிக்கவாசகம் நடந்தார். வகுப்பில் இருநூறு பேர் முன்னால் தடுமாறாத நாக்கு இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் வீட்டு வாசலில் பஞ்சவர்ணம் என்கிற அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் தினமும் வந்து உட்காருகிறவர்களில் ஒருவர்.

"வாங்க சார்."

"வணக்கம்மா." வெங்காயத்தைப் பார்த்தார். "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

"உப்பு மட்டுமா?"

"ஆமாம்மா."

"அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் வேன்ல ஏறிப் போறதை இப்பத்தான் பார்த்தேன். உப்பை மட்டும் வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க?"

அவருக்கு வேர்த்தது. கைக்குட்டையை எடுத்தார், திரும்பப் பைக்குள் வைத்தார்.

"சாப்பாடு இல்லம்மா. பிள்ளைங்க பசியா இருக்காங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கும் பசிக்குது."

பஞ்சவர்ணம் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்து இறங்குன அன்னைக்குக் குடம் நிறைய மோர் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். நீங்கதான் கேட்டுல நின்னு, 'சிரமப்படாதீங்கம்மா, எல்லாம் கொண்டு வந்திருக்கோம்'னு கும்பிட்டு அனுப்புனீங்க."

அவருக்கு நினைவிருந்தது. அதை மரியாதை என்றுதான் அன்றைக்கு நினைத்தார். அது போதாதென்று பிள்ளைகளிடமும் சொல்லியிருந்தார்: சேவைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

"அந்த மோர் என்னம்மா ஆச்சு?"

"மாட்டுக்கு ஊத்துனேன். குடத்தோட போனவ குடத்தோட திரும்பி வர்றதை ஊரே பார்த்துச்சு. அதுக்கப்புறம் யாரு வருவா?" அவர் குரலில் கோபம் இல்லை. எழுந்து சுவரோரம் போய் அடுத்த வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏ ராக்கு, உங்க வீட்ல எத்தனை பேருக்குச் சோறு இருக்கு? காலேஜ் பிள்ளைக பசியோட நிக்குதுக."

அந்தக் குரல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவிப் போனது.

மாணிக்கவாசகத்துக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கிடைத்தது. பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சம்சாரம் பேர், பிள்ளைகள் படிப்பு, சொந்த ஊர் எல்லாம் விசாரித்தார். இரண்டாவது முறை சோறு போட வந்தபோது அவர் வழக்கப்படி கையைக் குறுக்கே நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

சாயந்தரம் பள்ளிக்கூடத்தில் ஒரே சத்தம்.

இளம்பரிதி சுவரில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் மூன்று வீட்டில் சாப்பிட்டிருந்தான். "ஒரு வீட்ல சாப்பிட்டுட்டு வெளியில வந்தா, எங்க வீட்டுக்கு வரக் கூடாதான்னு அடுத்த வீட்ல கோவிச்சுக்கிறாங்க டீச்சர். நான் என்ன பண்றது?"

நூர்ஜஹான் கதை வேறு. அவள் போனது ஆடு மேய்க்கிற சேதுவின் வீட்டுக்கு. ஒண்டி ஆள். 'சோறு இல்லை, அரிசி இருக்கு. ஆக்கத் தெரிஞ்சா ஆக்கு' என்றிருக்கிறார். இவளுக்குத் தெரியாது. இருவருமாகச் சேர்ந்து விறகடுப்பில் பொங்கி, அடிபிடித்த சோற்றை மோர்மிளகாயோடு தின்றிருக்கிறார்கள்.

"கருகிப் போச்சுன்னு சொன்னா, 'என் ஆடுகூட முகம் சுளிக்கும், நீ பரவாயில்லை, திங்கிற'ன்னாரு டீச்சர்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இரண்டு பேர் முகம் வாடி நின்றார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"அடுத்த வீட்டுக்குப் போனோம். இட்லி கொடுத்தாங்க."

"பிறகென்ன?"

மறுநாள் காலை பிள்ளைகள் கால்வாய்க்குப் போனார்கள். மரத்தடியில் யாரும் இல்லை. மாணிக்கவாசகத்துக்குத் திக்கென்றது. ஒருவேளைச் சோறு போட்டுக் கணக்கை முடித்துவிட்டார்களோ? வேடிக்கை பார்க்கக்கூட ஆள் வரவில்லையே.

வெயில் ஏறத் தொடங்கியபோது சேது ஆடுகளோடு வந்தார். நூர்ஜஹான் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சோறாக்குற மாதிரியே முள்ளையும் வெட்டுறியே தாயி," என்றவர் அரிவாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ போய் ஆட்டைப் பாரு."

அவள் போகவில்லை. பக்கத்தில் நின்று வெட்டியதை இழுத்துப் போட்டாள். ஆடுகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன.

அடுத்து பஞ்சவர்ணம் மண்வெட்டியோடு வந்தார். பின்னால் ராக்கு. அதற்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். யாரும் வேலைக்கு வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுப் பையன் கையெல்லாம் கொப்புளம். அதான் என்னன்னு பார்க்க வந்தேன்," என்றார் ராக்கு, தன் வீட்டில் சாப்பிட்ட மாணவனைக் காட்டி. பார்க்க வந்தவர் மதியம் வரை மண் சுமந்தார். கதவைச் சாத்திய வீட்டுக்காரரும் வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எல்லோரையும்விட வேகமாக வெட்டினார்.

பிள்ளைகளிடையே பேச்சு மாறிவிட்டது. "எங்க வீட்ல இன்னைக்குச் சுண்டைக்காய்க் குழம்பு." "எங்க வீட்ல அத்தை ரசம் வைக்கிறாங்க." எந்த வீடு நல்ல வீடு என்று சண்டைகூட நடந்தது. சர்டிபிகேட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாணிக்கவாசகம் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாது."

"யாருமே சோறு போடலைன்னா?"

"பட்டினிதான். நானும் வேன்ல ஏறிப் போகலையே சார்."

சொன்ன நாளில் சங்கிலி வேனோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் எல்லோரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டு மாணிக்கவாசகத்தைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணமும் பார்த்தார்.

அவர் வேன் கதவருகே போனார். "அடுப்பை இறக்க வேண்டாம் சங்கிலி. நீங்க இறங்குங்க. எங்க வீட்டுக்குச் சாப்பிடப் போவோம்."

"எங்க வீடுன்னா?"

"பஞ்சவர்ணம்மா வீடு."

பிறகு பஞ்சவர்ணத்திடம் திரும்பினார். குரல் தயங்கியது. "வேன்ல அரிசி இருக்கும்மா. முகாம் முடியுற அன்னைக்கு நாங்க சமைச்சா ஊரே சாப்பிட வருமா?"

"கூப்பிட்டா வர்றோம்," என்றார் பஞ்சவர்ணம். "எங்களுக்கென்ன, சோத்துக்கு வெட்கமா?"

முகாம் முடிகிற நாளில் கால்வாயின் கடைக்கோடி இன்னும் மீதி இருந்தது. மாணிக்கவாசகம் அதைப் பார்த்துக் கவலைப்பட்டார். "அது நாங்க பார்த்துக்குவோம். நீங்க மழைக்கு வாங்க, தண்ணி வர்றதைப் பார்க்க," என்றார் சேது. நூர்ஜஹான் அந்த இடத்திலேயே வருவதாக வாக்குக் கொடுத்தாள். அன்று மதியம் ஊரே பந்தியில் உட்கார்ந்தது. பிள்ளைகள் பரிமாறினார்கள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, சேதுவைத் தவிர.

டீச்சரை வழியனுப்ப மாணிக்கவாசகம் பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது.

"டீச்சர், அடுத்த வருஷம் வேற ஊரு. இந்தப் பிள்ளைங்களே திரும்ப வர்றேன்னு சொல்லியிருக்காங்க. புதுசாவும் நிறைய பேர் வருவாங்க. அந்தத் தடவையாவது நான் சரியா ஏற்பாடு பண்ணணும்."

"பண்ணுங்க."

"என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும், சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. டீச்சர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பசியை எடுத்துக்கிட்டுப் போங்க சார்."