நூற்றறுபது பேரின் தூக்கம்

"மெஷின் நகரவே மாட்டேங்குது மேடம். நான் ஒரு தப்பும் பண்ணலை," என்றார் சிங்காரவேலு.

ஐம்பத்திரண்டு வயது. சின்னச் சின்ன சர்வர்களைக் கட்டி மேய்த்தே தலை நரைத்தவர். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தன் காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கணினியில் ஏற்றியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். இப்போது அந்த ஒரே பெரிய இயந்திரத்துக்குள் நூற்றறுபது லினக்ஸ் குடியிருந்தன.

நாளைக் காலை பதினோரு மணிக்குக் கூட்டம். அதற்குள் வேகம் வராவிட்டால் அத்தனையையும் காலி செய்துவிடுவார்கள். அப்புறம் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மனிதர் பயந்துதான் போயிருந்தார்.

உதவிக்கு வந்திருந்த மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். படித்து முடித்த நாளிலிருந்து மெயின்ஃப்ரேமே கதி என்று இருப்பவர்.

"நூத்தறுபதுல எத்தனைக்கு வேலை இருக்கு சார்?"

"ஒரு நேரத்துல பத்துக்கு இருந்தாப் பெரிசு. மத்ததெல்லாம் சும்மாதான் கிடக்கு."

"சும்மா கிடக்கறது தூங்கிட்டா, அதோட இடத்தை மெஷினே வேலை இருக்கறதுக்குக் கொடுத்துடுமே."

"அதான் எனக்கும் புரியலை. கவனிப்புல ஒரு குறை வைக்கலை மேடம். ஒவ்வொண்ணையும் விநாடிக்கு ஒரு தடவை 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டுப் பதில் வாங்கற மாதிரி எழுதி வச்சிருக்கேன். இருபது வருஷப் பழக்கம்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது.

மெஹருன்னிசா அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார்.

"நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்."

"பக்கத்து ரூம்ல சோபா இருக்கு. அரை மணி நேரம் படுங்க. அப்புறம் பேசுவோம்."

வீடு பற்றி எரியும்போது தூக்கமா என்று சிங்காரவேலுவுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் போய்ப் படுத்தார். கண் சொருகியது.

கதவு தட்டப்பட்டது.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

மறுபடி கண் சொருகியது.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

நான்காவது தடவை தலையணையால் காதை மூடிக்கொண்டார். ஏழாவது தடவை தலையணை கதவில் போய் விழுந்தது.

"என்னதான் மேடம் வேணும் உங்களுக்கு? மனுஷனைத் தூங்க விட மாட்டீங்களா?"

"நல்லா இருக்கீங்களான்னுதானே சார் கேட்டேன்?"

சிங்காரவேலு பதில் சொல்ல வாயெடுத்தார். அதே கேள்வியைத் தானும் கேட்டுக்கொண்டிருப்பது உறைத்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் தன் மேசைக்கு ஓடினார். தான் எழுதிய அந்த நிரலைத் திறந்து நிறுத்தினார். திரையில் சும்மா கிடந்த லினக்ஸ்கள் ஒவ்வொன்றாகத் தூங்க ஆரம்பித்தன. பத்து நிமிடத்தில் இயந்திரம் மூச்சு விட்டது. வேலை இருந்த ஒன்பது லினக்ஸும் பறந்தன.

சந்தோஷத்தில் அவர் மேசையைத் தட்டினார். ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப விசைப்பலகைக்குப் போனது.

"மேடம், கேக்காம விட்டா அதுங்க நல்லா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மெஹருன்னிசா கீழே கிடந்த தலையணையை எடுத்துத் தூசி தட்டினார்.

"நெஞ்சு வலிச்சிருந்தா, நீங்களே என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்களா சார்?"