வளைவில் சாயாத வண்டி

கொல்லிமலையில் சௌடேஸ்வரி டீச்சரின் வீட்டில் தங்கிக்கொள்ள யார் வந்து கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை மலைக்குக் கீழே விட்டுவிட்டு வாருங்கள். அது என்னவென்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர் விட்டுவிட்டு வருவார். மிளகுக்கொடிக்கு மண் அணைப்பார், காப்பிப் பழம் பறிப்பார், காலையிலும் மாலையிலும் மற்றவர்களோடு கண்ணை மூடி உட்காருவார். சில மாதம் கழித்து டீச்சர் ஒரு நாளைக் குறிப்பார். அன்றைக்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"விட்டது போயிடுச்சா?"

பதிலைக் கேட்டுவிட்டு 'இருங்க' என்பார். இல்லாவிட்டால் 'போயிட்டு வாங்க' என்பார்.

போய்விட்டது என்று சொன்ன ஒருவர் அங்கேயே இருந்துவிட்டார். அதையே சொன்ன இன்னொருவர் மறுநாள் காலை பஸ் ஏறினார். போகவில்லை என்று அழுத ஒரு பெண் இருந்தார். போகவில்லை என்று சிரித்த ஒருவரும் இருந்தார். எது சரியான பதில் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பஸ் ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

செங்கோட்டுவேலுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அவருக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. வயது ஐம்பத்தாறு, டீச்சரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய இடது கால் தானாக ஆடும். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்கார்ந்தால் இலை ஓரத்துத் தண்ணீர் டம்ளர் அதிரும். மனைவி சம்பூரணம் தொடையில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். இங்கே வந்து இரண்டாவது வாரத்தில், ஒரு மாலை கண்ணைத் திறந்தபோது கால் சும்மா இருந்தது. அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தார். சம்பூரணத்திடம் சொன்னபோது, மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தால் போதும், பட்டறையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் செங்கோட்டுவேலுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவர் எதை விட்டார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். முதல் தடவை மலைக்கு அவர் வந்தது ஒரு சிவப்புக் காரில். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. அது ஏறி வரும் சத்தம் இரண்டு வளைவுக்கு முன்னாலேயே மேலே கேட்டதாம். கோழிகள் அன்றைக்கு அடையவேயில்லை என்று சமையல் பார்க்கும் மாரப்பன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் சம்பூரணம் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். சேந்தமங்கலத்தில் இறக்கிவிடச் சொல்லி, மீதித் தூரத்துக்கு டவுன் பஸ்ஸில் போனார்.

அந்த வண்டியை விற்றுவிட்டு எலி நிறத்தில் ஒரு டீசல் கார் வாங்கினார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. எண்ணெய் குடிக்காது, பின்சீட்டை மடக்கினால் அரிசி மூட்டை போடலாம், பார்க்கிறவர் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விடுவது என்றால் இப்படித்தான் விட வேண்டும் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மூன்றாவது வளைவு வரைக்கும்தான் இருந்தது.

ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி சாயவில்லை. அவர் நினைத்த இடத்தில் மூக்கை நுழைத்து, பின்சக்கரத்தைச் சமர்த்தாகக் கூட்டிக்கொண்டு திரும்பியது. வளைவு முடிந்ததும் கனத்த குரலில் முனகியபடி மூன்றாவது கியரிலேயே மேடு ஏறியது. விலா எலும்புக்குக் கீழே ஏதோ குளிர்ந்தது. சிவப்பு வண்டியில் அவருக்கு வரும் அதே குளிர்ச்சி.

அவர் பயந்துபோனார். பிறகு யோசித்தார். விற்கப்போன இடத்தில் மூன்று டீசல் வண்டிகள் நின்றிருந்தன. மூன்றும் ஒரே மைலேஜ்தான். மூன்றையும் ரவுண்டானா வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டும் சரியில்லை என்று இதைக் கை காட்டினார். என்ன சரியில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் ரவுண்டானாவில் சாய்ந்தன. இது சாயவில்லை.

வண்டியைத்தான் விற்றிருக்கிறோம் என்று புரிந்தது. அப்படியானால் மிச்சமிருப்பது எது, எங்கே இருக்கிறது?

அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினார். அடுத்த முறை சாமான் வாங்கப் போனபோது மெதுவாக ஓட்டிப் பார்த்தார். அப்போதும் இருந்தது. அன்னாசிப்பழ லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நடை வேகத்தில் ஏறினார். போய்த் தொலைந்திருக்கும் என்று நினைத்தால், ஸ்டியரிங் பிடித்த உள்ளங்கையில் கொஞ்சமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சத்தம் கேட்காமல் ஓட்டிப் பார்த்தார். இருந்தது. மழையில், மூடுபனியில், மூட்டை ஏற்றிக்கொண்டு, எப்படி ஓட்டினாலும் இருந்தது. வேகத்தில் இல்லை, சத்தத்தில் இல்லை, சிவப்பில் இல்லை. எதில் என்றுதான் தெரியவில்லை. வேறு நேரமாக இருந்தால் இப்படித் தேடுவதே அவருக்குச் சுவாரசியமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாரப்பனிடம் சொல்லிவிட்டார். மாரப்பன் கீழே சீட்டு விளையாட்டை விட்டுவிட்டு வந்தவர். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டுவிட்டு, இதற்கா இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறாய் என்றார். டீச்சர் கேட்டால் போயிடுச்சுங்க என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் வாயைத் திறந்தால் கெட்டது. தான் அப்படித்தான் சொன்னதாகவும், உடனே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

"உனக்குப் போயிடுச்சா?"

"எங்க போகுது?" என்றார் மாரப்பன். "போன வாரம் கறிவேப்பிலைய ஆயறேன், கை தானா பிரிச்சு அடுக்குது."

சனிக்கிழமை காலை டீச்சர் வந்து, காரவள்ளி வரைக்கும் போக வேண்டும், வண்டியை எடுக்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று செங்கோட்டுவேல் கேட்கவில்லை. முன்கதவைத் திறந்துவிட்டார். டீச்சர் பின்னால் ஏறிக்கொண்டார்.

கேள்விக்கு முந்தின நாள். தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று செங்கோட்டுவேலுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பின்சீட்டிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் முகம் முழுதாகத் தெரியும். உள்ளே இருப்பது முகத்துக்கு வந்துவிட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

அது வராமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. வளைவு வருவதற்கு வெகுதூரம் முன்னாலேயே பிரேக்கை மிதித்தார். திருப்ப வேண்டிய இடம் தாண்டித் திருப்பினார். கிளட்சைப் பட்டென்று விட்டார். வண்டி குலுங்கியது, நின்றது, துள்ளியது. எப்படி ஓட்டக் கூடாது என்று தெரிந்தவர் என்பதால் அதையும் குறையில்லாமல் செய்தார். குளிர்ச்சி வரவேயில்லை. முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு வளைவு தாண்டியிருக்கும். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்தது.

"நிறுத்துங்கண்ணா."

ஓரம் கட்டி முழுதாக நிற்பதற்குள் டீச்சர் கதவைத் திறந்துவிட்டார். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தார். சுவர்மேல் இருந்த குரங்குகள் தள்ளிப்போய் உட்கார்ந்தன. செங்கோட்டுவேல் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். தலையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

டீச்சர் வாயைக் கொப்பளித்தார். முகத்தைக் கழுவினார். சுவர்மேல் உட்கார்ந்து அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லையாண்ணா?"

"எனக்குங்களா? இல்லைங்க டீச்சர்."

"போன வாரம் நாமக்கல்லேர்ந்து முட்டை அட்டை ஏத்திட்டு வந்தீங்க. ஒண்ணுல விரிசல் இல்லன்னு மாரப்பன் காட்டினாரு. நான் முட்டையவிடக் கேவலமாப் போயிட்டனா?"

செங்கோட்டுவேல் தரையைப் பார்த்தார்.

"வேணும்னேதான் இப்படி ஓட்டினேனுங்க."

"எதுக்கு?"

"நல்லா ஓட்டுனா நல்லா இருக்குதுங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எனக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ரவுண்டானாவைச் சொன்னார், மூன்றாவது வளைவைச் சொன்னார், அன்னாசிப்பழ லாரியைச் சொன்னார். தேடிப் பார்த்தும் எதில் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். தெரிந்திருந்தால் அதையும் விற்றிருப்பேன் என்றார். மாரப்பன் சொல்லிக்கொடுத்த பதிலை மட்டும் சொல்லவில்லை.

ஒரு குட்டிக் குரங்கு பாட்டில் மூடியை எடுத்து, மோந்து பார்த்துவிட்டுப் போட்டது. கீழே நாலைந்து மடிப்புத் தள்ளி ஒரு பஸ் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்தது.

"சரி," என்று எழுந்தார் டீச்சர். "போலாம்."

"இப்ப எப்படி ஓட்டட்டுங்க?"

"எங்கிட்டக் கேட்டா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

வண்டியை எடுத்தார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. இரண்டாவது கியரில் விட்டதும் எஞ்சினே வண்டியை இறக்கத்தில் பிடித்துக்கொண்டது. பிரேக்குக்கு வேலை இல்லை. கை பழக்கத்தில் திரும்பியது. குளிர்ச்சி வந்தது, வரட்டும் என்று விட்டார். முதலில் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தார். டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்க்க மறந்துபோனார். ஞாபகம் வந்து பார்த்தபோது கண்ணாடியில் முகத்தைக் காணவில்லை. பதறித் திரும்பினார்.

டீச்சர் சீட்டில் சரிந்து, கதவில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஓட்டுவது வேறு மாதிரி ஆனது. அந்தத் தலை உருளக் கூடாது. வளைவு தொடங்குவதும் முடிவதும் தெரியாமல் ஸ்டியரிங்கைக் கொடுத்து வாங்க வேண்டும். குழி வந்தால் சக்கரத்தைக் குழிக்குள் விடாமல், விலகுவதும் தெரியாமல் விலக வேண்டும். சிவப்பு வண்டியில் எத்தனையோ பேரை முந்தியிருக்கிறார். இவ்வளவு கவனம் அதற்குத் தேவைப்பட்டதில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி வழி விட்டார். டிரைவர் என்ன என்பதுபோலப் பார்க்க, பின்சீட்டைக் கை காட்டினார். அந்த டிரைவரும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

குளிர்ச்சி குறையவில்லை. முன்னைவிடக் கூடியிருந்தது. அது வேறு அவருக்குக் கவலையாக இருந்தது.

காரவள்ளியில் புளியமர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். சத்தம் நின்றதும் டீச்சர் விழித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்துவிட்டோமா என்று கேட்டார். வந்து கொஞ்ச நேரம் ஆகிறது என்று செங்கோட்டுவேல் பொய் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

இறங்கிப் போவார் என்று பார்த்தால் டீச்சர் இறங்கவில்லை. சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். காலை நீட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்து, தலையணை வைக்க இடம் இருக்கிறதா என்று அளந்தார்.

"டீச்சர், இங்க யாரையாச்சும் பாக்கணுங்களா?"

"யாரையும் பாக்க வரல. வளப்பூர்ல ஒரு பொண்ணு மாசமா இருக்குது. கீழ ஆசுபத்திரில முன்னாடியே வந்து படுத்துக்கச் சொல்லிட்டாங்க. அது பஸ்லயும் ஏற மாட்டேங்குது, ஜீப்லயும் ஏற மாட்டேங்குது. வளைவுன்னா அவ்வளவு பயம். இந்த வண்டில படுத்துட்டு எறங்க முடியுமான்னு பாக்கத்தான் பின்னாடி ஏறினேன்."

செங்கோட்டுவேலின் காதுமடல் சூடானது. டீச்சர் வாந்தி எடுத்த வளைவு கண்முன் வந்தது.

"நாளைக்குக் காலைல நீங்கதான் அதைக் கூட்டிட்டு வரணும்," என்றார் டீச்சர்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்களே."

"ஆமா."

"நாளைக்கு எங்கிட்டக் கேக்கறதாச் சொல்லியிருந்தீங்க." செருமிக்கொண்டார். "இப்பவே கேட்டுருங்க டீச்சர். நான் இருக்கறதா போறதான்னு தெரிஞ்சுக்கறேன். போகலைங்க. விட்டது போகவேயில்ல. நீங்க தூங்கினப்புறம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு."

டீச்சர் இறங்கிக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கவில்லை. லேசாகத் தள்ளியதும் பிடித்துக்கொண்டது. முன்பக்கம் வந்து ஜன்னலில் குனிந்தார்.

"நாளைக்குப் பொண்ண விட்டுட்டு மேல வந்ததும் எங்கிட்ட வாங்க. அது தூங்குச்சான்னு மட்டும் சொல்லுங்க."