தாழைமங்கலத்துச் சாலை

வெண்ணிநாட்டை ஒரு காலத்தில் நல்லசேந்தன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். கொடுங்கோலன் இல்லை. ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்தாக வேண்டும். காக்கை தலையில் தட்டினாலும், மோர் புளித்தாலும், கனவில் யானை சிரித்தாலும் உடனே பல்லக்கு கிளம்பிவிடும், அமைச்சர் அம்பலக்கூத்தரை அள்ளிக்கொண்டு வர. பாதிச் சோற்றில் கை கழுவிக் கழுவி, மோர்ச் சோறு எப்படி இருக்கும் என்பதே கூத்தருக்கு மறந்துபோயிருந்தது.

தலை நரைத்து, முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகு, ஒருநாள் அவையில் எழுந்து நின்றார்.

"அரசே, போதும். ஒரு சின்ன ஊரில் போய் உட்கார்ந்து, மிச்சக் காலத்தைத் தூங்கிக் கழிக்க உத்தரவு வேண்டும்."

அரசன் முகம் சுருங்கியது. எதிர் வரிசையில் ஒரு முகம் மலர்ந்தது. நாட்டின் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் கச்சிராயரின் முகம் அது. அமைச்சர் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"பாவம், வயதாகிவிட்டது," என்றார் கச்சிராயர். "மேற்கு மலைக்கு அப்பால் ஒரு குளிர்ந்த ஊர் இருக்கிறது. அவ்வளவு அமைதி. போனவர்கள் யாரும் திரும்பியதே இல்லை."

"நீர் சும்மா இரும்," என்றான் அரசன். "கூத்தரே, ஊரை நீரே தேர்ந்துகொள்ளும். ஒரே நிபந்தனை. நான் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு பல்லக்கு அனுப்புவேன். மென்று துப்புவதற்குள் நீர் என் முன்னால் நிற்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் அரண்மனைக்கே திரும்பிவிட வேண்டும். அப்புறம் ஓய்வு என்ற பேச்சே கூடாது."

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி உமையாள் சிரித்தாள். "வெற்றிலை மெல்லும் நேரத்தில் வர வேண்டுமென்றால் குதிரை லாயத்தில்தான் குடியிருக்க வேண்டும். வைக்கோல் மெத்தென்று இருக்கும், கவலைப்படாதீர்கள்."

"உன் பிறந்த ஊருக்குப் போனால் என்ன?"

"தாழைமங்கலத்துக்கா? போன பொங்கலுக்கு அண்ணன் என்னை எருமை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனான். அங்கே ஏது சாலை?"

"சாலை இருக்கிறது உமையாள். அவையில் இருக்கிறது."

மறுநாள் கூத்தர் ஊரின் பெயரைச் சொன்னதும் அரசன் தொடையைத் தட்டினான். "அட, நம் கச்சிராயர் போட்ட சாலை. ராயரே, வெற்றிலை வாயில் சிவப்பதற்குள் போய்ச் சேரலாம் என்று நீர்தானே சொன்னீர்? அதற்குத்தானே அந்தத் தங்கக் காப்பு?"

கச்சிராயர் சால்வையை இழுத்துக் காப்பை மூடினார். "சொன்னேன் அரசே. ஆனால் அங்கே கொசு அதிகம்."

"பேச்சுத்துணைக்கு ஆயிற்று," என்றார் கூத்தர்.

"தண்ணீர் உப்பு."

"சமையலில் மிச்சம்."

"பாம்பு நடமாட்டம் உண்டு."

"இந்த அவையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேனே ராயரே, பாம்புக்கா பயப்படப் போகிறேன்?"

அவை சிரித்து ஓய்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. மைத்துனர் வீட்டுப் பின்கட்டே போதும் என்று சொல்லிவிட்டு, கூத்தர் உமையாளோடு எருமை மேல் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். அன்று மோர்ச் சோறு வரைக்கும் சாப்பிட்டார். இலையை எடுப்பதற்குள் தூங்கிப்போனார்.

அதே நாள் அரண்மனையில் நடந்ததை அவர் பிறகுதான் கேள்விப்பட்டார். அரசனுக்கு உள்ளங்கால் அரித்ததாம். சகுனம் என்னவென்று கேட்கப் பல்லக்கு அனுப்பிவிட்டு வெற்றிலை போட்டானாம். மென்று துப்பினான். இன்னொன்று போட்டான். தட்டே காலியானது. சாயங்காலம் பல்லக்குத் தூக்கிகள் மட்டும் தலை முதல் கால் வரை சேறாக வந்து நின்றார்கள்.

"பல்லக்கு எங்கே?"

"சாலையில் இருக்கிறது அரசே. ஒரு முனை மட்டும் தெரிகிறது."

மறுநாள் அரசனே கச்சிராயரை இழுத்துக்கொண்டு புறப்பட்டான். உச்சிவெயிலில் இருவரும் ஊர்க்கரை ஏறினார்கள். செருப்பு இல்லை. அரசனின் ஆடுசதையில் ஓர் அட்டை. அவர்கள் சேற்றில் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட கூத்தர் வெந்நீரும் துண்டுமாகக் காத்திருந்தார்.

"தோற்றீர் கூத்தரே," என்றான் அரசன். "மென்று மென்று என் நாக்கே புண்ணாகிவிட்டது. கிளம்பும் அரண்மனைக்கு."

கூத்தர் அவன் காலில் வெந்நீர் ஊற்றினார். நேற்றைய தூக்கம் ஒன்றுதான் அவர் கண்ட ஓய்வு.

"இதோ கிளம்புகிறேன் அரசே. எனக்கு முழங்கால் சரியில்லை, சேற்றில் இறங்க முடியாது. சாலை எங்கே இருக்கிறது என்று ராயர் காட்டினால் அதன் வழியே வந்துவிடுகிறேன்."

அரசன் கச்சிராயரைப் பார்த்தான். கச்சிராயர் சேற்றைப் பார்த்தார்.

"தாங்கள் கேட்டு, மகிழ்ந்து, காப்புப் போட்ட தூரத்தை நம்பித்தான் இந்த ஊரைத் தேர்ந்தேன்," என்றார் கூத்தர். "அந்தத் தூரம் பொய் என்றால், தோற்றது நானா?"

அரசன் குனிந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தான். பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு வயிறு குலுங்கியது.

"ராயரே, காப்பைக் கழற்றி உமையாள் அம்மையிடம் கொடும். நீர் இங்கேயே தங்கி, உம் கையாலேயே மண் சுமந்து சாலையைப் போட்டுவிட்டு வாரும். சாப்பாடு கூத்தர் வீட்டில். கூத்தரே, பல்லக்கு வரும் அளவுக்குச் சாலை முடிகிறவரை நிபந்தனை கிடையாது. தூங்கும்."

ஆள் நடக்கவும் எருமை போகவும் போதுமான அகலத்துக்குச் சாலை சீக்கிரமே வந்துவிட்டது. ஊரே மெச்சியது. பல்லக்கு வரும் அகலம்தான் வருவேனா என்றது. கச்சிராயர் கூடையைத் தூக்கும்போதெல்லாம் உமையாள் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். மிளகு ரசம், சுட்ட கத்தரிக்காய்த் துவையல், கட்டித் தயிர். "இன்னும் ஒரு கரண்டி, ராயரே," என்பார் கூத்தர். அதற்குப் பிறகு எந்த மனிதன் மண் சுமப்பான்? இரண்டு பேரும் பொழுது சாயும்வரை குறட்டை விடுவார்கள்.

வேலையை மேற்பார்க்க அரசன் அவ்வப்போது நடந்தே வந்தான். முதலில் காலையில் வந்தான். போகப் போகச் சரியாகச் சோற்று வேளைக்கு வந்தான்.

"சாலை எப்போது முடியும்?" என்று ஒருநாள் கேட்டான்.

கச்சிராயர் கூத்தரைப் பார்த்தார். கூத்தர் இலையைப் பார்த்தார். துவையல் மணத்தது.

"அவசரம் ஒன்றும் இல்லை," என்று அரசனே சொல்லிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்ததும் உமையாள் நீட்டிய வெற்றிலைத் தட்டை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டான்.