வட்டக் கதவும் சதுரக் கதவும்

ஒரு ஊர்ல, ராக்கெட் கெளம்புறப்போ கூரை ஓடெல்லாம் கடகடன்னு ஆடுற கடலோர ஊர்ல, மாதங்கின்னு ஒருத்தி இருந்தா. நிலாவுக்குப் போகப் போறவ. கேக்குறியா பொம்மி?

"ம்."

அப்போ எல்லா நாட்டுக்கும் ஒரே அவசரம், நிலாவுல நாமதான் முதல்ல கால் வைக்கணும்னு. அடுத்தவன் உள்ள வந்துடக் கூடாதுன்னு விண்கப்பல் கதவைக்கூட வேற வேற மாதிரி செஞ்சாங்க. நம்மளோடது வட்டம். பனி நாட்டோடது சதுரம்.

கெளம்புற அன்னிக்கு, கப்பல்ல இன்னும் ஒரே ஒரு சாமானுக்குத்தான் இடம். "கொடிக் கம்பம்"னாரு தலைவர் தணிகாசலம். "பாறை தோண்டுற மெஷின்"னாங்க விஞ்ஞானிங்க. மாதங்கி ரெண்டு கப்பல் கதவையும் சேத்து மாட்டுற ஒரு வளையத்தைத் தூக்கிட்டு வந்தா. ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் சதுரம். பனி நாட்டுலேருந்து நிலாவுக்குப் போற நீனாவும் அவளும் ஒரு மாநாட்டுல டீ குடிச்சுக்கிட்டே வரைஞ்சது.

"அவங்க கதவுக்கு நாம ஏம்மா வளையம் சுமக்கணும்?"னாரு தலைவர்.

"ஆபத்துன்னா கொடிய வச்சா ஐயா காப்பாத்துறது?"

தலைவர் மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டாரு. ஆனா போறவ அவதானே? விட்டுட்டாரு.

அப்புறம் புஸ்ஸ்ஸ்... டமடமடம! நிலா தோசைக்கல்லு மாதிரி கிட்ட வந்துடுச்சு. எறங்கினாப் போதும். அப்போ ரேடியோல கரகரன்னு நீனா குரல். "மாதங்கி, என் கப்பல்ல காத்து உஸ்ஸுன்னு கசியுது."

கீழேருந்து தலைவர் கத்துறாரு. "அங்க போனா, ஊர் திரும்பத்தான் எரிபொருள் மிஞ்சும்! நிலாவுல எறங்க முடியாதும்மா!"

மாதங்கி நிலாவைப் பாத்தா. சின்ன வயசுலேருந்து ஆசைப்பட்ட நிலா. "தெரியும் ஐயா"ன்னுட்டு கப்பலைத் திருப்பிட்டா. ம் சொல்லுடி.

"ம்... நீனா செத்துடுவாளா?"

இரு. மாதங்கி தன் கப்பல் கதவுல வளையத்தை மாட்டிக்கிட்டு நீனா கப்பல் கிட்ட போனா. மொதல் தடவை, டங்! மோதித் திரும்பிடுச்சு. ரெண்டாவது, சர்ருன்னு வழுக்குச்சு. நீனாவுக்கு மூச்சு வாங்குது. "நீ போயிடு"ங்கிறா.

"சும்மா இருடி. சதுரத்தைக் கோணலா வரைஞ்சது நீதானே!"

மூணாவது... க்ளிக்! கதவு தொறந்துச்சு. நீனா இவ மேலயே வந்து விழுந்தா.

ஊர் திரும்பினதும் தலைவர் குத்தலா கேட்டாரு. "நிலாவுல என்னம்மா வச்சுட்டு வந்தே?"

"ஒண்ணும் வைக்கல ஐயா. யாரையும் விட்டுட்டும் வரல."

அப்புறம் எல்லா நாட்டுக்காரங்களும் கூடி, யாரு முதல்லன்னு ஆரம்பிச்சப்போ, மேசையைத் தட்டினது நம்ம தலைவர்தான். "முதல்ல கதவு! எல்லாக் கப்பலுக்கும் ஒரே மாதிரி கதவு!"

"அப்போ நிலா...?"

எங்க போகப் போகுது? சன்னல்லதான் இருக்கு. கதை ஊர் வந்து சேந்துடுச்சு, நீ கண்ணை மூடு.