தாளம் போட ஒரு கை

கோமளா அன்று பாட்டுக் கிளாஸுக்கு ஒரு கேள்வியோடுதான் வந்தாள். வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தவள், உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டுவிட்டாள்.

“டீச்சர், பிள்ளை பெத்துக்க எது சரியான வயசு?”

தனபாக்கியம் டீச்சர் தம்புராவின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “யார் கேக்கிறா?”

“எல்லாரும்தான். முப்பத்திரண்டு ஆச்சு, இனிமே தள்ளாதீங்கன்னு டாக்டரம்மா. மாமியாரைப் பத்திச் சொல்லவே வேண்டாம். சபாவுல இந்த வருஷம்தான் முதல் தடவையா சாயந்திரக் கச்சேரி குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம் மேடையில காணோம்னா ஜனங்க மறந்துடுவாங்கன்னு செக்ரெட்டரி பயமுறுத்துறார். இன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் ஒரு முடிவு சொல்லியாகணும். நீங்க சொல்றதுதான் முடிவு.”

“என் தலையில கட்டிட்டியாக்கும்.”

“உங்களுக்கு எப்போ டீச்சர்?”

“மூத்தவன் பத்தொன்பதுல. சின்னவ முப்பத்தெட்டுல.”

கோமளா நிமிர்ந்தாள். இரண்டு கரையையும் பார்த்த மனுஷி. இவரை விட்டால் வேறு யாரிடம் கேட்பது?

“எது சௌகரியம்?”

“பத்தொன்பதுல உடம்புல தெம்பு இருந்துச்சு, பாட்டு இல்லை. முப்பத்தெட்டுல பாட்டு இருந்துச்சு, இடுப்பு போச்சு. சரி, அந்தக் காம்போதியைப் பாடு.”

இதெல்லாம் ஒரு பதிலா என்று கோமளாவுக்கு எரிச்சல்தான். ஆனாலும் தொடையில் தாளம் தட்டிப் பாட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எடுப்பு எங்கே?”

கோமளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தட்டிய பிறகு அரை இடம் விட்டு எடுக்க வேண்டிய பாட்டு அது. மனசு வேறெங்கோ இருந்ததில், தட்டோடு சேர்த்தே எடுத்துவிட்டாள்.

“தட்டோட எடுக்கிற பாட்டும் இருக்கே. அதுதான் உசத்தியோ?” என்றார் டீச்சர்.

“அதெப்படி டீச்சர்? ஒவ்வொரு பாட்டுக்கும் அதது இடம் இருக்கில்ல.”

“ம்.”

டீச்சர் எழுந்தார். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் டியூட்டிக்குப் போகும்போது குழந்தையை இங்கேதான் விட்டுவிட்டுப் போவாள். எட்டு மாதக் குண்டு. பாயில் கிடந்து தம்புரா உறையின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கி வந்து கோமளாவின் மடியில் வைத்தார்.

“இப்போ பாடு.”

குழந்தை சும்மா இருக்குமா? தாலிச் சங்கிலியை இழுத்தது, சரிந்தது, எகிறியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே கோமளா பாடினாள். குரலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சொல்லப்போனால், குழந்தை அவள் வாயையே பார்த்ததில், பாடிய வரியிலேயே ஒரு சங்கதி புதிய வளைவாக வந்து விழுந்தது. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அனுபல்லவிக்குள் போனதும் கணக்கு கைவிட்டுப் போயிற்று.

“தாளம் போயிடுச்சு டீச்சர். போட கை இல்லை.”

“தெரியுது.”

“நீங்க போடுங்களேன்.”

“இங்கே போடுவேன். தினம் உன் வீட்டுக்கு வர முடியுமா?”

கோமளா குழந்தையின் எச்சிலைத் துடைத்தாள். அதை இறக்கிவிட ஏனோ மனசு வரவில்லை.

“உன் வீட்டுக்காரர் எங்கே?” என்று டீச்சர் கேட்டார்.

“வெளியில, ஸ்கூட்டர்ல உட்கார்ந்திருக்கார்.”

“உள்ளே வரலையா?”

“இது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம், கேட்டுட்டு வந்து சொல்லுன்னார்.”

டீச்சர் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். சபேசன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டபடி வந்தான். மனைவியின் மடியில் குழந்தையைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

“அவ பாடப் போறா. பக்கத்துல உட்கார்ந்து தாளம் போடுங்க” என்றார் டீச்சர்.

அவன் திருதிருவென்று விழித்தான். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்களே.”

“அவளும் தெரிஞ்சுக்கிட்டுப் பிறக்கலை. உட்காருங்க.”