செத்தவர் ஏறிய பரிசல்

காவிரியில் அணைகள் எழும்பாத காலம். பவானிக்குக் கீழே ஒரு துறையில் அங்காயம்மாள் என்றொரு பெண் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடம் கிடையாது, திருநீறு கொடுப்பது கிடையாது. ஆனாலும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழாதா என்று நாலைந்து பேர் அந்தத் துறையிலேயே விழுந்து கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் சேந்தன்.

சேந்தனுக்கு ஐம்பத்திரண்டு வயது. காவி கட்டி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முறைப்படி தனக்குத் தானே கருமம் செய்து, இனி நான் செத்தவன் என்று ஆற்றில் முழுகிவிட்டு வீட்டைவிட்டு வந்தவர். ரொம்ப நல்ல மனிதர். எதையும் நாலு பக்கமும் யோசிப்பார். நாலு பக்கமும் யோசித்த பிறகு, ஐந்தாவது பக்கம் ஒன்று இருக்குமோ என்று தேடுவார்.

அவர் வயதில் மூத்தவர் என்பதால் அங்காயம்மாள் அவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாள். அவர் அவளை ‘அம்மா’ என்பார்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கீழ்நாட்டிலிருந்து வந்த மஞ்சள் வியாபாரி ஒருவன் சேந்தனைத் தேடிப் பிடித்தான்.

“உங்க வீட்டம்மா சொல்லி அனுப்பினாங்க. வர்ற வெள்ளிக்கிழமை காலைல மகளுக்கு முகூர்த்தம். நீங்க வந்தா தாரை வார்த்துக் குடுக்கலாமாம்.”

“வராட்டி?”

“செத்துட்டதா வெச்சுக்கிட்டுத் தாய்மாமன் தாரை வார்ப்பாராம். அப்பன் இருக்கானா இல்லையான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க. ஒன்பது வருஷமா என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம உங்க வீட்டம்மா தவிக்கறாங்க.”

சேந்தனுக்குக் காலடியில் மண் நழுவியது. செத்தவன் கல்யாணத்துக்குப் போகலாமா? போனால் துறவு என்ன ஆகும்? போகாவிட்டால் பெண்ணின் தலையில் அந்தக் குறை காலத்துக்கும் நிற்குமே. போவதானால் தகப்பனாகப் போவதா, சாமியாராகப் போய் ஓரமாக நின்று வாழ்த்துவதா? அவர் நேராகத் துறைக்குப் போனார்.

அங்காயம்மாள் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, எருமைத் தோலின் தையலில் மெழுகு வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் போகலாமா, கூடாதா?”

“தெரியலீங்க சாமி.”

“போனா யாராப் போறதும்மா?”

“அதுவும் தெரியலீங்க.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“பாதையெல்லாம் உடைஞ்சு கிடக்குது. நடந்தா பத்து நாளாகும். வாங்க, பரிசல்ல போலாம். யோசிக்கறதை அதுல உக்காந்து யோசிங்க.”

சேந்தன் ஒரு மூட்டை கட்டிக்கொண்டார். கட்டியிருந்த காவி போக, மாற்றுக் காவி ஒன்று. மஞ்சள் வியாபாரியிடம் கேட்டு வாங்கிய வெள்ளை வேட்டி ஒன்று. தகப்பனாகப் போவதானால் அது வேண்டுமே. இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி வைத்தார்.

பரிசல் வட்டமானது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. வெள்ளத்தில் விட்டால் சுற்றிக்கொண்டேதான் போகும். சேந்தன் அக்கரையும் இக்கரையும் போய் வந்திருக்கிறாரே தவிர, ஆற்றோடு நீளவாக்கில் போனதில்லை. முதல் நாள் முழுக்க அவர் போகிற திசையைப் பார்த்து உட்காரப் பாடுபட்டார். பரிசல் திரும்பும். அவர் எழுந்து எதிர்ப்பக்கம் மாறுவார். அதற்குள் அது மறுபடி திரும்பியிருக்கும். மாலைக்குள் இரண்டு முறை கவிழப் பார்த்தது.

“சாமி, எதுக்கு இப்படிக் குதிக்கறீங்க?”

“எங்க போறோம்னு பாக்க வேண்டாமாம்மா?”

“ஆத்துக்குத் தெரியும். உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஆனால் மேட்டூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு முசிறிப் பக்கம் போவது அவருக்கு என்னவோ செய்தது. தலை சுற்றியது.

இரண்டாம் நாள் புயல் வந்தது. கீழைக்காற்று எதிரே நின்று தள்ளியது. தண்ணீர் இழுக்க, காற்று தடுக்க, பரிசல் ஒரே இடத்தில் செக்குமாடு மாதிரி சுற்றிற்று. வேரோடு பிடுங்கிய தென்னை ஒன்று பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. அங்காயம்மாள் ஆற்றின் நடுவே ஒரு நாணல் திட்டில் பரிசலை ஏற்றி, அதையே கவிழ்த்துக் கூரையாக்கினாள். இருவரும் அதற்குள் குந்தியிருந்தார்கள்.

“இன்னிக்குச் செவ்வாய்ங்களாம்மா?”

“திங்கள்.”

“நல்லது.” கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, ஒருவேளை இந்தப் புயலே ‘போகாதே’ன்னு சொல்லுதோ?”

“புயல் எதுக்கு உங்ககிட்டப் பேசுது? அதுக்கு ஆயிரம் வேலை.”

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் அந்தத் திட்டிலேயே போயிற்று. கையோடு கொண்டுவந்த அரிசிப்பொரியும் தீர்ந்தது. சேந்தன் போவதென்று மூன்று முறையும், வேண்டாமென்று நான்கு முறையும் முடிவெடுத்தார். அங்காயம்மாள் குறட்டை விட்டுத் தூங்கினாள். அவருக்கு அதைப் பார்க்கக் கோபம்கூட வந்தது. குரு என்று நம்பி வந்தால் இப்படியா?

புதன்கிழமை காற்று கொஞ்சம் இறங்க, மறுபடி ஆற்றில் விட்டார்கள். நனைந்து ஊறிய தோல் கனத்துக் கிடந்தது. காய வைக்க வெயில் எங்கே? சேந்தன் ஒரு சுரைக்குடுக்கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். இறைக்கிற நேரத்தில் மட்டும் அவர் எதையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஒரு படித்துறையில் ஒதுங்கி மூட்டையைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவியின் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. காவி வெளுத்து, வெள்ளை பழுத்து, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம்.

“அம்மா! இதுல எது காவி, எது வெள்ளை?”

அங்காயம்மாள் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். முறுக்கிப் பிழிந்தாள்.

“எது காஞ்சிருக்குதோ அதைக் கட்டிக்கங்க.”

இரண்டும் காயவில்லை. அவள் பரிசலின் ஓரத்திலிருந்த பழைய கம்பளியை மடித்துக் கொங்காடையாக அவர் தலையில் போட்டுவிட்டாள். மழையில் ஏர் ஓட்டுகிறவர்களும் பரிசல் தள்ளுகிறவர்களும் போட்டுக்கொள்வது. முகம் பாதி மறைந்துவிடும். சாமியாரும் போய், சம்சாரியும் போய், சேந்தன் பார்க்க ஒரு பரிசல்காரனாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாதது மாதிரி வானம் மூடிக்கிடந்தது. அகண்ட காவிரி. ஒரு கரையிலிருந்து பார்த்தால் மறுகரை மரங்கள் புல்போலத் தெரியும் இடம். சேந்தனின் ஊரான நாணல்மேடு வடகரையில் இருந்தது. அவர்கள் தென்கரையை ஒட்டி வந்தபோது துறையில் ஒரு கூட்டம் நின்று கையை வீசியது. பட்டு வேட்டி, மேளம், தட்டுகள், எல்லாம் நனைந்திருந்தன.

“பரிசலு! ஏ பரிசலு! இங்கே வாங்க!”

அங்காயம்மாள் ஒதுக்கினாள். ஒரு பெரியவர் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார்.

“நாணல்மேட்டுல கல்யாணம். துறை ஓடம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. மாப்பிள்ளையையாவது கொண்டுபோய்ச் சேத்துடும்மா, புண்ணியமாப் போகும்.”

சேந்தனின் கையிலிருந்த குடுக்கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அங்காயம்மாள் அவரைப் பார்க்கவில்லை.

“மூணு பேர் ஏறுங்க. அதுக்கு மேல தாங்காது.”

மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, அந்தப் பெரியவர் மூவரும் ஏறினார்கள். பெரியவர் மாப்பிள்ளைக்குச் சிற்றப்பா. வாய் ஓயாத மனிதர். பரிசல் கரையை விட்டதும் ஆரம்பித்தார்.

“பொண்ணு தங்கமான பொண்ணு. அப்பன்தான் சரியில்ல. சாமியாராப் போயிட்டானாம். ஆள் இருக்கானா இல்லையான்னே தெரியல. இன்னிக்குக் காலை வரைக்கும் பாத்துட்டு, செத்தவன் கணக்குல வெச்சுடலாம்னு பேசி முடிச்சாச்சு.”

“வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வா கொழுந்தனாரே” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அவள் மடியில் தாலி முடிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நடு ஆற்றுக்கு வந்தபோது மழை திரைபோல இறங்கியது. தென்கரை மறைந்தது. வடகரை மறைந்தது. ஒரு சுழி பரிசலைப் பிடித்து மூன்று சுற்று சுற்றிவிட்டது. சுற்று நின்றபோது எது எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“கீழே பாறைக்கூட்டம் இருக்குது!” என்று சிற்றப்பா அலறினார். “சீக்கிரம் கரைக்கு விடும்மா!”

“எந்தப் பக்கம்னு தெரியலீங்களே. கூப்பிடுங்க. சத்தம் வர்ற பக்கம் விடறேன்.”

சிற்றப்பா வாயைக் குவித்து, “மாமோவ்!” என்று கத்தினார்.

“ஓவ்!” என்று இடப்பக்கம் பத்துப் பேர் பதில் கொடுத்தார்கள். “ஓவ்!” என்று வலப்பக்கமும் பத்துப் பேர். கல்யாண நாளில் மாமா என்று கூப்பிட்டால் கேட்கவா வேண்டும்? பெண் வீட்டு மாமன்கள் ஒரு கரையில், மாப்பிள்ளை வீட்டு மாமன்கள் மறு கரையில். அவர் கத்தக் கத்த இரண்டு பக்கமும் மாமன்கள் பெருகினார்கள்.

“உறவு சொல்லிக் கூப்பிட்டா எல்லாக் கரையும் பதில் சொல்லும்” என்றாள் அங்காயம்மாள். “அக்கரையில மட்டும் இருக்கற ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

“பொண்ணைக் கூப்பிடுடா!” என்றார் சிற்றப்பா. மாப்பிள்ளைக்குக் குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. நாலு தரம் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

“நீங்களாவது கூப்பிடுங்க!” என்றாள் அங்காயம்மாள் சிற்றப்பாவிடம்.

“எனக்குப் பயத்துல என் பேரே மறந்துபோச்சே!”

அங்காயம்மாள் துடுப்பை நிறுத்தாமல் சேந்தனைப் பார்த்தாள்.

விட்டு வந்தவர்களின் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது காவி கட்டியவர்களின் விதி. ஒன்பது வருஷத்தில் சேந்தன் கனவில்கூட அதை மீறியதில்லை. அவர் அவள் பக்கம் குனிந்தார்.

“அம்மா, அந்தப் பேரை நான் சொல்லக் கூடாதேம்மா.”

“சரிங்க. அப்ப சுத்திக்கிட்டே இருப்போம்.”

கீழே பாறையில் தண்ணீர் மோதும் இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். சேந்தன் எழுந்து நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“நாச்சாயி...”

முதல் முறை தொண்டையைத் தாண்டவில்லை. அவருடைய அம்மாவின் பேர். மகளைத் தொட்டிலில் போட்டு, காதோரம் மூன்று முறை அவரே சொல்லி வைத்த பேர். அதைச் சொன்னதும் அவருக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே மறுபடி கூப்பிட்டார்.

“நாச்சாயீ! ஏ நாச்சாயீ!”

ஒரு பக்கம் பேச்சில்லை. இன்னொரு பக்கம், கரை இருக்கும் என்று ஒருவரும் நினைக்காத பக்கத்திலிருந்து, ஒரே ஒரு குரல் வந்தது.

“ஓ! இங்கே! இங்கே இருக்கறேன்!”

அங்காயம்மாள் துடுப்பைத் திருப்பிப் போட்டாள். அவர் கூப்பிடுவதும், அந்தக் குரல் பதில் சொல்வதும், அவள் வலிப்பதுமாகப் போனார்கள். பாறைக்கூட்டம் வலக்கைப் பக்கம் நுரைத்துக்கொண்டு தாண்டியது. மழைக்குள்ளிருந்து ஒரு அரசமரமும், படிக்கட்டும், குடை பிடித்த கூட்டமும் வெளியே வந்தன.

மாப்பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் அம்மா மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள். சிற்றப்பா கரையில் கால் பட்டதும், தாம்தான் பரிசலைக் கொண்டுவந்து சேர்த்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். மேட்டில் மேளம் முழங்கியது. கூட்டம் பந்தலை நோக்கித் திரும்பியது.

ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. கூறைப் புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பின்னாலிருந்து யாரோ, “நேரமாச்சு, வா கண்ணு” என்று இழுத்தார்கள். அவள் கையை உதறிவிட்டுக் கடைசிப் படி வரைக்கும் இறங்கி வந்தாள்.

“என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யாருங்க?”

சேந்தன் கொங்காடையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். பரிசலுக்குள் அப்படியே உட்கார்ந்து, அங்காயம்மாளின் காதோரம் கேட்டார்.

“அம்மா, புள்ள கேக்குதே. நான் யாருன்னும்மா சொல்லுவேன்?”

அங்காயம்மாள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீங்க கூப்பிட்டப்ப அந்தப் புள்ள பதில் சொல்லுச்சு. யாருன்னு கேட்டுட்டுங்களா சொல்லுச்சு?”