அநாமதேயரின் கையெழுத்து

மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் எதற்கு? படித்தவர்கள் நிறைந்த இடம் என்று சொன்னால் போதும். அதன் நூலகத்தில் டிஜிட்டல் களஞ்சியம் என்று ஒரு பிரிவு. ஓலைச்சுவடி, நாட்டுப்புறப் பாட்டு கேசட், பழைய புகைப்படம், யாரோ எழுதிய நாட்குறிப்பு என்று எது வந்து சேர்ந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி உலகத்துக்குக் காட்டுவது அதன் வேலை. கண்காணிப்பாளர் மாசிலாமணி. அவருக்குக் கீழே கோமதிநாயகம், எஸ்தர் என்று இரண்டு பேர். மூவருக்கும் சேர்த்து அறுபது வருஷ சர்வீஸ். அத்தனை வருஷத்தில் மூளையைத் தேய விட்டதாக அவர்கள்மேல் யாரும் குற்றம் சொன்னதில்லை.

நூலகர் வைதேகி அம்மாள் லீவில் போகும்போது ஒரே ஒரு உத்தரவு எழுதி வைத்துவிட்டுப் போனார்: "ஆசிரியரின் அனுமதிக் கையெழுத்து இல்லாமல் எதையும் திறந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது." அதற்குள் களஞ்சியம் தயாராகாவிட்டால் பிரிவை மூடிவிட்டு மூவரையும் தேர்வுத் துறைக்கு அனுப்பிவிடுவார்கள். தேர்வுத் துறை நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. மாசிலாமணிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை.

பட்டியலைப் பிரித்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. குதிரை வைத்தியச் சுவடி, ஆசிரியர் அநாமதேயர். தாலாட்டு கேசட், பாடியவர் அநாமதேயர். ஆற்று வெள்ளப் புகைப்படம், எடுத்தவர் அநாமதேயர். கடைசிப் பக்கம் வரைக்கும் அவர்தான்.

"எல்லாம் ஒரே ஆளு சார். ஒருத்தர்கிட்ட போனாப் போதும், வேலை முடிஞ்சுது," என்றாள் எஸ்தர்.

மாசிலாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இவ்வளவு செஞ்ச மனுஷருக்கு நம்ம யூனிவர்சிட்டி ஒரு சால்வைகூடப் போடலியே," என்று வருத்தப்பட்டார்.

கோமதிநாயகம் கொஞ்சம் ஆராய்ச்சி புத்திக்காரர். "கேசட்ல பொம்பளைக் குரல்ல கேக்குது சார்."

"தாலாட்டுப் பாடும்போது குரலை மெலிசா வெச்சுக்கிட்டிருப்பாரு. புள்ளை தூங்க வேண்டாமா?"

"சுவடிக்கு இருநூறு வருஷம்னு போட்டிருக்கே. ஆள் இருப்பாரா?"

மாசிலாமணி கண்ணை மூடி யோசித்தார். "குதிரைக்கே வைத்தியம் தெரிஞ்சவரு. தன் உடம்பைக் கவனிக்காமயா விட்டிருப்பாரு?"

கோமதிநாயகம் அதையும் குறித்துக்கொண்டார்.

பணியாளர் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த குமாஸ்தா பேரேட்டை முழுசாகப் புரட்டினார். "இந்தப் பேர்ல வேலையில யாரும் இல்லை. ரிட்டயர் ஆனவங்கள்லயும் இல்லை. உயிரோட இருக்கறதுக்கான சான்றிதழ் அவர் ஒரு வருஷம்கூடக் குடுக்கலை. ஆனா செத்துட்டார்னும் யாரும் எழுதிக் குடுக்கலை. அதனால இருக்கார்னுதான் வெச்சுக்கணும்."

கோப்பு பதிவாளருக்குப் போயிற்று. அவர் படிக்காமலே பச்சை மையில் "நேரில் வரச் சொல்லவும்" என்று எழுதினார்.

வாசல் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள்: "அநாமதேயர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வந்து கையெழுத்து போடவும்." தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் நின்று நிதானமாகப் படித்தார். முகம் சுளித்தார். 'கையெழுத்துப் போடவும்' என்று நடுவில் ஒரு 'ப்' போட்டுத் திருத்திவிட்டுப் போனார்.

வியாழன் மத்தியானம் வரை யாரும் வரவில்லை. மாசிலாமணி முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கோமதிநாயகம் ஓட்டமும் நடையுமாக வந்தார். பதிவாளர் அலுவலகத்தில் ஒரு புகார்க் கடிதம் கிடைத்ததாம். ஹாஸ்டல் உப்புமாவில் ரவை இருக்கிறது, கூடவே ரவையைத் தின்ற பூச்சியும் இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதன் தலையில் சிவப்பு மையில் அலுவலகக் குறிப்பு: 'அநாமதேயக் கடிதம். நடவடிக்கை தேவையில்லை.'

"ஆள் இங்கதான் இருக்காரு சார். நம்ம ஹாஸ்டல்லதான் சாப்பிடறாரு."

மாசிலாமணி அதை அவர் கையிலிருந்து பிடுங்கினார். கடிதத்தின் அடியைப் பார்த்தார். 'இப்படிக்கு' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மூவரும் அந்த ஒன்றுமில்லாத இடத்தை வெகுநேரம் பார்த்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்கள்.

"சார், குதிரைச் சுவடியிலயும் கடைசியில இப்படித்தானே இருக்கு?" என்றாள் எஸ்தர்.

எடுத்துப் பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது. புகைப்படத்தின் பின்பக்கம், நாட்குறிப்பின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் அதே மாதிரி.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருநூறு வருஷமா ஒரே கையெழுத்து. கொஞ்சம்கூட மாறலை, பாத்தீங்களா?"

பிறகு, உருப்படிக்கு ஒன்றாக அச்சடித்து வைத்திருந்த அனுமதிப் படிவக் கட்டை மெதுவாகப் பிரித்தார். கையெழுத்துக்கான கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. அடுத்த படிவத்திலும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டையும் புரட்டினார்கள்.

"நாம ஊரெல்லாம் தேடறோம். மனுஷர் சத்தமில்லாம வந்து அத்தனையிலயும் போட்டுட்டுப் போயிருக்காரு," என்றார் மாசிலாமணி. எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவர் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவர். ஒன்று போதவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். படிவத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து எங்கேய்யா?" என்றார்.

மாசிலாமணி உப்புமாக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். "அவர் கையெழுத்து இப்படித்தாங்கய்யா. ஒப்பிட்டுப் பாருங்க."

தலைவர் பூதக்கண்ணாடி வரவழைத்தார். இந்த வெற்றிடத்தையும் அந்த வெற்றிடத்தையும் கால் மணி நேரம் மாறி மாறிப் பார்த்தார். உறுப்பினர்களுக்கும் காட்டினார்.

"ஒத்துப் போகுது," என்றார்.

மாசிலாமணிக்கு முழங்கால் வலி அந்த நிமிஷமே பாதி குறைந்தது.

தலைவர் ஒவ்வொரு படிவமாகப் புரட்டி 'சரிபார்த்தேன்' என்று எழுதிக்கொண்டே வந்தார். இருநூற்று ஏழாவது படிவத்தில் நின்றுவிட்டார். கையெழுத்துக் கோட்டுக்கு மேலே, யார் பேனாவிலிருந்து விழுந்ததோ, கடுகளவு ஒரு மைத்துளி. தலைவரின் முகம் கறுத்தது. அந்தத் தாளை மட்டும் இரண்டு விரலால் உருவி, தனியாக வைத்தார்.

"மத்த முந்நூத்திப் பதினொண்ணும் செல்லும்," என்றார். "இது கள்ளக் கையெழுத்து. பாத்தாலே தெரியுது."